சிலுப்பாத மந்தை

நெல்லேரிப்பட்டு ஆடுகளின் மேல் மழை விழுவதில்லை. பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு மேற்கே, கம்பெனிச் சுவர்கள் மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்தச் சிற்றூரில் ஐப்பசி அடைமழை நாளில் போய் நின்றால் யாரும் பார்க்கலாம். சுற்றிலும் தரை சேறாகிக் கிடக்கும். மந்தையில் ஒவ்வொரு ஆட்டின் அடியிலும் அதன் உடம்பளவுக்கு மட்டும் புழுதி காய்ந்திருக்கும். ஆடு ஓரடி எடுத்து வைத்தால் மழை ஓரடி ஒதுங்கும். ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. நனைந்துகொண்டு பைக்கில் வந்து இறங்குகிறவர்கள் செல்போனை எதிரில் வரும் ஆட்டின் முதுகில் வைத்துவிட்டுத் தலை துவட்டுவார்கள், பிறகு ஞாபகமாக எடுத்துக்கொள்வார்கள். சில சமயம் ஆடு போனோடு போய்விடும். அப்போதுதான் சத்தம் கேட்கும்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. ஊரைக் காக்கிறவள் எல்லையம்மன். ஆடி மூன்றாம் வெள்ளியில் ஆணும் பெண்ணும் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வார்கள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை கிடா வெட்டிய பிறகு காப்பை அவிழ்ப்பார்கள். வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்பது வழக்கம். மூன்று சொம்புக்குள் அது தலை முதல் வால் வரை உடம்பைச் சிலுப்பினால் அம்மன் சரி என்கிறாள். சிலுப்பாவிட்டால் வேண்டாம் என்கிறாள். காதில் ஒரு வெட்டுப் போட்டு மந்தையில் விட்டுவிட வேண்டும். காது வெட்டின கிடாவை விற்கக் கூடாது, அறுக்கவும் கூடாது. அது கிழடு தட்டிச் சாகும்வரை மந்தையோடு திரியும், பிறக்கிற குட்டிகளுக்கெல்லாம் தகப்பனாக இருக்கும். இன்னொரு கட்டும் உண்டு. வெட்டுகிற கிடா ஊர் எல்லைக்குள் பிறந்ததாக இருக்க வேண்டும். வாலாஜாபாத் சந்தையில் பிடித்து வந்ததெல்லாம் செல்லாது.

முன்பெல்லாம் வருஷத்துக்கு மூன்று கிடா, நான்கு கிடா. கம்பெனிகள் வந்த பிறகு வேண்டுதல் பெருகியது. இன்டர்வியூவுக்கு ஒரு கிடா, வேலை கிடைத்ததற்கு ஒரு கிடா, நைட் ஷிப்டிலிருந்து மாற்றினால் ஒரு கிடா. 2004இல் அறுபத்தொரு கிடா, 2012இல் தொண்ணூற்றெட்டு. தண்ணீர் ஊற்றும் உரிமை எல்லப்பன் குடும்பத்துடையது. எல்லப்பன் பகலில் ஒரு கம்பெனி வாசலில் வண்டி நம்பர் எழுதுகிற வேலை பார்த்தவர், அந்தப் பழக்கத்தில் கோயிலிலும் ஒரு நோட்டு வைத்து எந்த வீட்டுக் கிடா, என்ன நிறம், எத்தனையாவது சொம்பில் சிலுப்பியது என்று வருஷாவருஷம் எழுதி வந்தார். 1998இல் ஏறக்குறைய எல்லாமே முதல் சொம்பு. 2007இல் பாதிக்கு மேல் இரண்டாம் சொம்பு. 2013இல் மூன்றில் ஒன்று சிலுப்பவேயில்லை. 2016இல் ஒரு கருப்புக் கிடாவின் மேல் தண்ணீர் ஒட்டாமல் சேப்ப இலையில் உருள்வதுபோல் உருண்டு ஓடியது, அது நனைந்ததாகவே நினைக்கவில்லை, பிறகு எங்கே சிலுப்பும். அதையும் காது வெட்டி விட்டார்கள். 2019இல் அதன் பேரன் ஒன்றின் மேல் ஊற்றியபோது தண்ணீர் முதுகுக்கு நான்கு விரற்கடை மேலேயே இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இறங்கியது. எல்லப்பன் ‘தண்ணி ஆட்டைத் தொடவில்லை’ என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். அடுத்த ஆட்டுக்குப் போனார். 2023இல் நூற்று ஏழு கிடாவில் சிலுப்பியது ஒன்றே ஒன்று.

சிலுப்பாத ஆடு ஹாரனுக்கும் திடுக்கிடாது. ஒரகடம் ஆறுவழிச் சாலையில் கன்டெய்னர் லாரி பத்தடியில் வந்து அலறினாலும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கும். மழை ஒதுங்கியது, லாரி ஒதுங்கவில்லை. 2022இல் மட்டும் நாற்பத்து மூன்று ஆடுகள் ரோட்டில் அடிபட்டுப் போயின. ஆனாலும் அம்மன் விட்ட கிடாக்கள் ஊருக்குள் பத்திரமாக இருந்ததால் குட்டிகளுக்குக் குறைவில்லை.

எல்லப்பனின் தம்பி மகள் சசிரேகாவுக்கு முப்பத்தொரு வயது. தகப்பன் இல்லை, தாய் ராஜாமணியோடும் ஏழு ஆடுகளோடும் கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தாள். ஒரகடத்தில் கார் ஹெட்லைட் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வைப்ரேஷன் டேபிளில் வேலை. லைட்டை மேஜையில் பூட்டி நான்கு நிமிஷம் உலுக்குவார்கள். உள்ளே எதுவாவது கடகடவென்றால் சிவப்பு டப்பா, சத்தமில்லாவிட்டால் பாஸ். மெஷினே கிராப் போடும் என்றாலும் கிராப்பில் வராத சத்தம் சசிரேகாவின் காதுக்கு வரும் என்று லைனில் பெயர். கெட்ட பெயரும் ஒன்று இருந்தது. அவளால் காலை ஆட்டாமல் உட்கார முடியாது. சாப்பிடும்போதும் ஆட்டுவாள், தூக்கத்திலும் ஆட்டுவாள், ஸ்டூல் அதிர்ந்து அந்த அதிர்வு கிராப்பில் ஒரு சின்ன முள்ளாக ஏறிவிடும். சூப்பர்வைசர் சிவசங்கர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு அவள் முன் வைப்பார். “சசி, மெஷின்தான் ஆடணும். நீ ஆடக் கூடாது” என்பார். லைனே சிரிக்கும்.

காலாட்டத்துக்குக் காரணம் பிறவி பாதி, கான்ட்ராக்ட் பாதி. பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு பதினைந்து நாள் வீட்டில் உட்காரவைப்பார்கள். திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பது போன் அடித்தால்தான் தெரியும். இப்படி நான்கு முறை ஆகிவிட்டது. அந்தப் பதினைந்து நாளும் அவள் வீட்டுக்கும் எல்லைக் கல்லுக்கும் நடந்துகொண்டே இருப்பாள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு. 2024இல் லைனில் ஐந்து பேரைப் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், லிஸ்டில் அவள் பெயர் ஐந்தாவது என்று ஆபீஸிலிருந்து கசிந்திருந்தது.

2023 புரட்டாசியில் அவளுடைய வெள்ளாடு ஒன்று கொட்டும் மழையில் குட்டி போட்டது. தாய் காய்ந்து நின்றது, குட்டி தொப்பலாக நனைந்தது. நனைந்ததும் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு காதுகள் படபடவென்று அடிக்கச் சிலுப்பியது. அப்படி ஒரு காட்சியைச் சசிரேகா பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. கிடாக்குட்டி. ஈ உட்கார்ந்தால் சிலுப்பும், காக்கை கத்தினால் துள்ளும், மிக்ஸி ஓடினால் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றும். பதறி என்று பெயர் வைத்தாள். அவள் உட்கார்ந்து காலாட்டினால் பக்கத்தில் வந்து நின்று அதுவும் தோலை நடுக்கும். ஊருக்குத் தெரிந்தால் ஆடியில் முதல் கிடா இதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பஞ்சாயத்தில் கட்டிக்கொடுத்துக் கதவு மட்டும் நன்றாக இருந்த கக்கூஸில் அதை அடைத்து வைத்தாள், மழை வராத நேரம் பார்த்துத்தான் வெளியே விட்டாள். ராஜாமணி, பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு ஒளிவு மறைவு தான் செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டே தழை ஒடித்துப் போட்டாள்.

2024 ஆடியில் பத்தாம் நாள் நூற்றுப் பதினான்கு கிடாக்களுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒன்றும் சிலுப்பவில்லை. நூற்றுப் பதினான்கு காதுகளை வெட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. கிடா விழாமல் காப்பு அவிழ்க்க முடியாது. காப்புக் கட்டினவருக்கு எல்லைக்கு வெளியே பொழுது விடியக் கூடாது என்பது விதி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் விடியுமுன் கிளம்பிவிடும், தேர்ட் ஷிப்ட் விடிந்துதான் முடியும். ஆகவே திருவிழா நாளில் ஊரே செகண்ட் ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொள்ளும். பத்து நாளுக்குத்தான் அந்தச் சலுகை. காப்பை அறுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2011இல் வசந்தகுமார் என்பவர் அப்படித்தான் பிளேடால் அறுத்துவிட்டு வேலைக்குப் போனார். அவருடைய அந்தக் கை இன்றைக்கும் ஊர் இருக்கும் திசையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. மணிமங்கலம் மாமியார் வீட்டில் கிழக்குப் பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தால்கூட அது பக்கவாட்டில் நீண்டுகொண்டு நிற்கும், பரிமாறுகிறவர்கள் குனிந்து போவார்கள்.

ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்புக்கு அடியில் தோல் அரித்தது. யாரும் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் உட்காரவில்லை, டீக்கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். விடியுமுன் ஐந்து கம்பெனி பஸ்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து ஹாரன் அடிக்கும். இந்தப் பக்கம் டிபன் பாக்ஸும் ஐடி கார்டுமாக நாற்பது பேர் கிழக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சூரியன் எட்டிப் பார்ப்பதற்குள் பஸ் போய்விடும். தினமும் காலையில் காது வெட்டாத இளங்கிடா ஒன்றைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். கார் கழுவும் பம்ப்பைக் கொண்டுவந்து அடித்தபோது தண்ணீர் ஆட்டைச் சுற்றிக்கொண்டு போய் எல்லப்பனைக் கீழே தள்ளியது. ஆடியில ஆடு ஆடல என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டின, பெரியவர்கள் முதலில் அதட்டினார்கள், பிறகு அவர்களும் முணுமுணுத்தார்கள்.

பதினாறாம் நாள் சனிக்கிழமை பகலில் சிவசங்கர் போன் செய்தார். திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது, காலை ஆறு மணிக்கு டேபிளில் அவள் இருந்தே ஆக வேண்டும், மேலே இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டார். கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “திங்கக்கெழம ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வரலேன்னா அஞ்சாவது பேரு வேற ஒருத்தர் பேருமா. என் கையில இல்ல” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது.

சலுகை முடிந்தும் சிவசங்கர் தன் பொறுப்பில் அவளைச் செகண்ட் ஷிப்டிலேயே வைத்திருந்தார். அன்று பக்கத்து ஸ்டூலில் ஜாஸ்மின் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், சசிரேகா போகும் பஸ் வழியில் கம்பெனி ஹாஸ்டலில் இருப்பவள். “ஏட்டி, உங்கூரு ஆட்டுக்கெல்லாம் எவன்ட்டி மழக்கோட்டு தச்சுக் குடுத்தான்?” என்று அவள் வழக்கம்போல் கேட்டாள். சசிரேகா சிரிக்கவில்லை. ஒரு ஹெட்லைட் மேஜையில் கடகடவென்றது, அவள் கை தன்னால் அதை எடுத்துச் சிவப்பு டப்பாவில் போட்டது. அடுத்தது சத்தமில்லை, பாஸ். அடுத்ததும் பாஸ். சிவப்பு டப்பா நிறைந்ததும் உடைப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சசிரேகா காலாட்டுவதை நிறுத்திவிட்டு அந்த டப்பா போன வழியையே பார்த்தாள். கிராப்பில் முள் இல்லாத கோடு ஒன்று அரை நிமிஷம் ஓடியது. என்னட்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க என்று ஜாஸ்மின் கேட்டதற்கு அவள், எங்கள் ஊரில் டப்பாவை மாற்றி வைத்துவிட்டோம் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கக்கூஸ் கதவைத் திறந்து பதறியின் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். ராஜாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் வந்தாள். கோயில் முன்னால் நானூறு பேர், காப்புக் கட்டினவர்கள் கையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். எல்லப்பன் அண்டாவுக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அவள் போய் அவரிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“பெரீப்பா, எங்க லைன்ல சவுண்டு வர்றத செவப்பு டப்பால போட்ருவோம். அது ஒடைப்புக்குப் பூடும். சவுண்டு வராதது வெளிய போவும். இங்க நாமளும் அதான் பண்ணிக்கினு கீறோம். சிலுப்புனத எல்லாம் வெட்டிட்டோம். சிலுப்பாதத வுட்டோம், அது குட்டி போட்டுக்கினே இருந்துச்சு. அப்பன் சிலுப்பல, புள்ள இன்னாத்துக்கு சிலுப்பும்?”

எல்லப்பன் நோட்டைத் திறந்தார். முதல் சொம்பு, முதல் சொம்பு என்று ஓடுகிற பக்கங்கள், இரண்டாம் சொம்புப் பக்கங்கள், பிறகு வெறும் கோடுகள். எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கூட்டத்தில் இருமல் கேட்டது.

“இருவத்தாறு வருசமா என் கையாலயே எழுதிக்கினு வரேன். எனக்குத் தோணல பாரு” என்றார். பிறகு பதறியைப் பார்த்தார். “இது சிலுப்புமா?”

“ஈ ஒக்காந்தாலே சிலுப்பும்.”

“வெட்டிட்டா?”

“வெட்டிட்டா இதான் கடேசி. அடுத்த ஆடிக்கு ஊரே கையில கயிறோட குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்.” கொஞ்சம் நிறுத்தி, “எனக்கு நாளிக்கி ஃபர்ஸ்ட் ஷிப்டு பெரீப்பா” என்றாள். அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது.

பதறியைக் கல்லில் நிறுத்தினார்கள். கயிறு சசிரேகாவின் கையில். முதல் சொம்பை எல்லப்பன் ஊற்றியபோது தண்ணீர் பிரியவில்லை, உருளவில்லை, மயிருக்குள் இறங்கி வயிற்றில் சொட்டியது. கூட்டம் மூச்சுவிட்டது. பதறி சிலுப்பவில்லை. பிறந்த நாளிலிருந்து ஒரு கணம் அசையாமல் நிற்காத குட்டி, நானூறு முகங்களையும் பறையையும் பார்த்துப் பயத்தில் கல்லோடு கல்லாக உறைந்து நின்றது. கண்விழிகூட நகரவில்லை. இரண்டாம் சொம்பு. மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனியில் முத்தாக நின்றது, அதையும் உதறவில்லை. மூன்றாம் சொம்பை எல்லப்பன் வழிய வழிய மொண்டு ஒரே வீச்சில் கவிழ்த்தார். பாதி பதறியின் மேல் விழுந்தது, பாதி கயிறு பிடித்திருந்த சசிரேகாவின் தலையில் விழுந்தது.

சசிரேகா சிலுப்பினாள். உச்சந்தலையில் தொடங்கித் தோள், முதுகு, இடுப்பு என்று இறங்கிக் குதிகாலில் போய் முடிந்த ஒரே உலுக்கல். கொண்டை அவிழ்ந்து சடை சுழன்று முன்வரிசையில் இருந்தவர்கள் முகத்திலெல்லாம் மஞ்சள் தெறித்தது. நான்கு முறை ராஜினாமா எழுதியதும், அறுபது நாள் போனைப் பிடித்துக்கொண்டு நடந்ததும், பென்சில் வட்டங்களும் அதில் இருந்தன. அவளுக்குப் பின்னால் நின்ற ராஜாமணி, “சிலுப்பிடுச்சி” என்றாள்.

எது என்று அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையையும் வந்துச்சு போச்சு என்றுதான் பேசுவார்கள், ஆட்டையும் அப்படித்தான். முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது, சிலுப்பிடுச்சி சிலுப்பிடுச்சி என்று அந்தச் சொல் நானூறு வாய் கடந்து ஆலமரத்தடிவரை போனது, அங்கிருந்து பறை கிளம்பியது, பெண்கள் குலவையிட்டார்கள். இனிமேல் அதைத் திரும்பப் பெற முடியாது. வெட்டுகிறவர் அரிவாளோடு வந்து எல்லப்பன் முகத்தைப் பார்த்தார். எல்லப்பன் சசிரேகாவைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து நின்றாள், ஓடவில்லை. அவர் அரிவாளைத் தன் கையில் வாங்கி அவளுடைய சடையின் நுனியில் ஒரு விரல் நீளம் நறுக்கி அம்மன் காலடியில் வைத்தார். பிறகு அதே அரிவாளின் முனையால் பதறியின் காதில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டார். மூன்று சொம்பு ஊற்றியும் சிலுப்பவில்லை, முறைப்படி அது அம்மன் விட்ட கிடா, இனி யாரும் அதைத் தொட முடியாது. அந்த நேரத்தில் ஊரில் கட்டியிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு காப்பும் தானாக முடிச்சுவிட்டுத் தரையில் விழுந்தன. நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரில் ‘மூன்றாம் சொம்பு’ என்று மட்டும் இருக்கிறது. யார் வீட்டுக் கிடா, என்ன நிறம் என்ற இடங்கள் காலியாக இருக்கின்றன.

திங்கட்கிழமை விடியுமுன் சசிரேகா எல்லைக் கல்லைத் தாண்டி பஸ் ஏறினாள். ஆறு மணிக்கு டேபிளில் உட்கார்ந்தாள். ஆடிட்டுக்கு வந்தவர்கள் அவள் போட்ட கிராப்பை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்கள், கோடு போட்டதுபோல் இருந்தது. சிவசங்கர் பென்சிலைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. அவள் கால் ஆடவில்லை, அன்றும் ஆடவில்லை, அதற்குப் பிறகும் ஆடவில்லை. செப்டம்பரில் போர்டில் ஒட்டின லிஸ்டில் அவள் பெயர் ஐந்தாவதாக இருந்தது. புரட்டாசி முதல் மழையில் ஷிப்ட் முடிந்து எல்லோரும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினபோது அவள் நடந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த ஜாஸ்மின் அவள் தோளைத் தொட்டுப் பார்த்தாள், சடையைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு தன் ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துவிட்டுக் கேலி ஒன்றும் செய்யாமல் ஜன்னலை மூடினாள். டிரைவர் அவள் சீட்டைத் துடைக்க வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டார். பர்மனென்ட் ஆனதற்கு லட்டு வாங்கிக் கொடுத்தாள், ராஜாமணிக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்தாள். ஆனால் வீட்டில் சில நேரம் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பாள், விட்டுப்போன ஒரு சொல்லை நினைவுக்குக் கொண்டுவருகிறவளைப்போல.

அடுத்த ஆடிக்கு முன் ஊர் கூடியது. சசிரேகா சொன்னதை எல்லப்பன் தன் வாயால் சொன்னார், நோட்டைக் காட்டினார். இரண்டு மணி நேரச் சண்டைக்குப் பிறகு, ஏழு வருஷத்துக்குக் கிடா வேண்டாம், குங்குமம் தடவின பூசணிக்காய் போதும், எது நிற்கும் எது போகும் என்று மழையும் ரோடும் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று முடிவானது. பூசணிக்காய் எதற்கும் சிலுப்பாது என்பதால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. பத்தாம் நாள் காப்பு சுலபமாக அவிழ்ந்தது.

தை பிறப்பதற்கும் ஆவணி முடிவதற்கும் நடுவில் பதறிக்குப் பதினேழு குட்டிகள். 2025 ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது அவற்றில் பன்னிரண்டு காய்ந்து நின்றன, ஐந்து நனைந்தன. நனைந்த ஐந்தும் லாரிச் சத்தம் கேட்டதும் வேலிக்குள் பாய்ந்துவிடுகின்றன, இதுவரை ஒன்றும் ரோட்டில் போகவில்லை. அன்று செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிய சசிரேகா யூனிபார்மோடு கொட்டகைக்குப் போய்க் குட்டிகளின் நடுவில் நின்றாள். அவள் காலைச் சுற்றி வட்டமாகப் புழுதி காய்ந்திருந்தது. பதறி முதலில் சிலுப்பியது, பிறகு ஐந்து குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிலுப்பின. மழை அவளைத் தொடுவதில்லை, ஆனால் ஆடு சிலுப்பித் தெறிக்கிற தண்ணீர் தொடுகிறது. முகத்தில், கழுத்தில், புறங்கையில் எல்லாம் பட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பஸ் ஹாரன் கேட்டது. ராஜாமணி வாசலிலிருந்து, வேலைக்குப் போகிற நேரத்தில் இப்படி நனைந்துகொண்டு நிற்கிறாயே என்று துண்டை எறிந்தாள். சசிரேகா துவட்டிக்கொண்டே நடந்தாள். இப்போதெல்லாம் மழை நாளில் நெல்லேரிப்பட்டு ஸ்டாப்பில் பஸ் இரண்டு நிமிஷம் அதிகம் நிற்கும். டிரைவர் சசிரேகா உட்காரும் அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் பழைய பேப்பர் போட்டு வைத்திருப்பார்.